சங்கிலி போயிற்று, கடவுச்சொல் வந்தது!



ஞாயிற்றுக்கிழமை ஏட்டைப் பிரித்ததும், மாநாட்டுச் செய்தி எங்கே, சட்டமன்ற வாதம் எங்கே என்று தேடுகிற உங்களை, இன்று நான் ஒரு கல்லூரி நூலகத்தின் வாயிலுக்கு அழைக்கிறேன். "அரசியல் பகுதியிலே அலமாரிக்கு என்ன வேலை?" என்று கேட்பீர்கள். கேளுங்கள், கேள்வி கேட்டு வளர்ந்த கூட்டமல்லவா நாம்! ஆனால் விடையையும் கடைசி வரை இருந்து கேளுங்கள். ஒரு நாட்டிலே யார் படிக்கலாம், எதைப் படிக்கலாம், எந்தக் கதவு யாருக்குத் திறக்கும், எவருக்கு மூடும் என்று முடிவு செய்வது அரசியல் அல்லவென்றால், வேறு எதற்கு அந்தப் பெயரைச் சூட்டுவது?

1981-ஆம் ஆண்டு ஜூன் பிறந்த அந்த இரவிலே, யாழ்ப்பாணத்துப் பொது நூலகத்தைக் கொளுத்தினார்களே, ஏன்? 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆயுதக் கிடங்கா அது? இல்லை. ஆயினும் ஓர் இனத்தின் நினைவு அங்கேதான் இருக்கிறது என்பதைக் கொளுத்தியவர்கள் அறிந்திருந்தனர். கோட்டூர்புரத்திலே 2010 செப்டம்பர் 15-ல் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டது. ஓராண்டு கழித்து, 2011 நவம்பரிலே, அதனை மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. மக்கள் வழக்குமன்றம் ஏறினர். உயர்நீதிமன்றம் தடை விதித்தது. நூலகம் நூலகமாகவே நின்றது. அலமாரிக்கும் அரசியலுக்கும் உள்ள உறவு இது. உறவை நாம் மறந்தாலும், மாற்றார் மறப்பதில்லை.

சரி, தாம்பரத்துக்கு வருவோம். கடற்கரை நிலையத்திலே ஏறி, 1931-ல் மின்சார வண்டி ஓடத் தொடங்கிய அந்தப் பாதையிலே தெற்கு நோக்கி வந்தால், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம் கடந்து தாம்பரம். கிழக்குத் தாம்பரத்திலே, மரங்கள் அடர்ந்த பெரும் பரப்பிலே நிற்கிறது சென்னைக் கிறித்தவக் கல்லூரி. 1837-ல் சென்னை நகரின் நடுவிலே பள்ளியாகத் தொடங்கி, நூற்றாண்டு நிறைந்த 1937-ல் இங்கு குடியேறிய கல்லூரி அது. அதன் நூலகம், அக்கல்லூரியை நெடுங்காலம் வழிநடத்திய வில்லியம் மில்லரின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்தக் கல்லூரி நகரத்தில் இருந்த நாளிலே, அதனோடு தொடர்புகொண்ட இருவரை நினைவூட்ட விரும்புகிறேன். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மாணவர். இருவரும் நூலகத்திற்காக வாழ்ந்தவர்கள். இருவர் வாழ்வும் இன்று நாம் பேசப்போகிற வழக்குக்குச் சாட்சி.

ஆசிரியர், மறைமலை அடிகள். வேதாசலம் என்ற பெயரோடு 1898-ல் அக்கல்லூரியிலே தமிழாசிரியராகச் சேர்ந்தவர். 1911 வரை பணியாற்றிவிட்டு, அருகிலுள்ள பல்லாவரத்திலே குடியமர்ந்தார். தனித்தமிழ் வளர்த்த அந்தப் பல்லாவரத்து வீட்டிலே அவர் சேர்த்த செல்வம் என்ன? பொன்னா, நிலமா? புத்தகம்! தமிழும் ஆங்கிலமும் வடமொழியுமாக, ஆயிரக்கணக்கில் தேடித் தேடி வாங்கி, அட்டை போட்டு, வரிசைப்படுத்தி, படித்த பக்கத்தில் குறிப்பெழுதி வைத்த நூல்கள். 1950-ல் அவர் மறைந்தார். அந்த நூல்கள் ஊரார்க்குப் பயன்படவேண்டும் என்பதே அவர் விருப்பம். 1958-ல், சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் முயற்சியால், சென்னை இலிங்கிச்செட்டித் தெருவிலே மறைமலையடிகள் நூல்நிலையமாக அவை மக்கள் முன் வந்தன. வீட்டுக்குள் இருந்த நூல், வீதிக்கு வந்தது. தனி ஒருவரின் உடைமை, பொதுவுடைமை ஆயிற்று.

மாணவர், சீர்காழியிலே பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன். 1913-ல் பி.ஏ., 1916-ல் கணக்கிலே எம்.ஏ., இரண்டும் அக்கல்லூரியில்தான். கணக்காசிரியராக இருந்தவரை, 1924 சனவரியிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக அமர்த்தினர். அமர்ந்த சில நாளிலேயே அவருக்குச் சலித்துவிட்டது! வருவார் இல்லை, கேட்பார் இல்லை. புத்தகங்களுக்குக் காவலிருக்கும் வேலை. பழைய கல்லூரி வேலையையே கொடுத்துவிடுங்கள் என்று கேட்கப் போனவரை, இலண்டன் போய்ப் பார்த்து வா, பிறகு பேசுவோம் என்று அனுப்பிவைத்தனர். போனார், பார்த்தார். தொழிலாளியும், பெண்டிரும், குழந்தைகளும் நூலகத்துக்குள் நுழைந்து வெளியேறும் காட்சி அவரை மாற்றிற்று. திரும்பி வந்தவர் கணக்கைத் தேடிப் போகவில்லை. பூட்டிய அலமாரியைத் திறந்தார். வாசகர் தாமே உள்ளே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். 1928-ல் சென்னை நூலகச் சங்கம் எழுந்தது. அதன் உயிர்நாடி அவரே. 1931-ல் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலே கனகசபைப் பிள்ளை என்பவர், மாட்டு வண்டியிலே புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனபோது, அதைத் தொடங்கிவைத்தவரும் அவரே. ஓய்வு பெற்ற பின், தம் வாழ்நாள் சேமிப்பில் ஒரு லட்சம் ரூபாயைத் தாம் பணியாற்றிய பல்கலைக்கழகத்திற்கே நூலகக் கல்விக்காகக் கொடுத்தார்.

அந்த 1931-லேயே அவர் நூலகத்திற்கென ஐந்து விதிகளை வகுத்து நூலாக வெளியிட்டார். உலகெங்கும் நூலகப் படிப்பிலே இன்றும் அதுதான் அரிச்சுவடி. ஐந்தின் கருத்தையும் நம் பேச்சிலே சொல்வதானால்: புத்தகம் பூட்டி வைப்பதற்கன்று, புழங்குவதற்கு. எந்த வாசகர் வந்தாலும் அவருக்குரிய நூல் அங்கே இருக்கவேண்டும். எந்த நூலும் தனக்குரிய வாசகரைச் சேராமல் தூங்கக்கூடாது. வாசகரின் பொழுதை வீணாக்காதே. நூலகம் வளரும் உயிர், வளர இடங்கொடு.

முதல் விதியிலே என்ன புதுமை, இது யாருக்குத் தெரியாது என்று எண்ணாதீர்கள். ஐரோப்பாவிலே ஒரு காலத்தில் நூல்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்திருந்தனர். இங்கிலாந்திலே, ஹெரிஃபோர்டு நகரப் பேராலயத்திலே, அந்தச் சங்கிலி பூண்ட நூலகத்தை இன்றும் காணலாம். நூல் அரிய பொருளாக இருந்த நாளின் வழக்கம் அது. அச்சு வந்தது, நூல் பெருகிற்று, விலை குறைந்தது. எனினும் சங்கிலி உடனே அறுபடவில்லை. பழக்கத்தால் நெடுநாள் தொங்கிற்று. பிறகு சங்கிலிக்கு மாறாகக் கம்பிக் கதவு, கம்பிக் கதவுக்கு மாறாகச் சீட்டு, சீட்டை வாங்கி உள்ளே போய் எடுத்துவரும் ஏவலர். இப்படி ஒவ்வொரு தடையாக உடைத்துத்தான் வாசகன் அலமாரிக்கு அருகே வந்திருக்கிறான்.

இப்போது, இன்றைய கல்லூரி நூலகத்துக்குள் நுழையுங்கள். எத்தனை மாற்றம்! அட்டைகள் அடுக்கிய மர இழுப்பறை போயிற்று. கணினித் திரையிலே பெயரைத் தட்டினால், நூல் எந்த வரிசையில், யாரிடம் இருக்கிறது என்று நொடியில் தெரிகிறது. நூலின் முதுகிலே ஒட்டிய சில்லைப் பொறி படித்து, இரவலைத் தானே பதிவு செய்கிறது. பார்வையற்ற மாணவருக்குத் திரையிலுள்ள எழுத்தை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் வந்திருக்கிறது. முன்பு நண்பன் ஒருவன் படித்துக்காட்டும் வரை காத்திருந்தவர், இன்று தம் விருப்பப்படி தாமே படிக்கிறார். அச்சிதழ்கள் இருந்த இடத்தில் ஆயிரக்கணக்கான மின்னிதழ்கள். என்-லிஸ்ட் என்னும் திட்டத்தின் வழியே, அரசு கல்லூரியும் அரசு உதவி பெறும் கல்லூரியும் சிறு கட்டணத்தில் மின்னூல்களையும் மின்னிதழ்களையும் பெற முடிகிறது. கல்லூரி மாணவர் நூலகத்துக்கு வராமலே, விடுதி அறையிலிருந்து, கிராமத்து வீட்டிலிருந்து படிக்கலாம்.

இவற்றை நான் குறைத்துப் பேசமாட்டேன். இரங்கநாதனின் நான்காம் விதிக்கு இதைவிடச் சிறந்த தொண்டு வேறில்லை. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாசல் மிதித்த ஒரு மாணவி, எந்த நூலைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்று கூச்சத்தோடு நின்ற நிலை மாறி, தானே தேடி எடுக்கிறாள் என்றால், அது எளிய மாற்றமன்று. புதுமை என்றாலே முகஞ்சுளிப்பவர் வரிசையிலே நமக்கு இடம் வேண்டாம்.

ஆனால் தோழர்களே, அந்தத் திரையின் முதல் பக்கத்திலே ஒரு சிறு கட்டம் இருக்கிறது, கவனித்தீர்களா? "கடவுச்சொல்" என்று கேட்கிறது. அங்கேதான் நம் வழக்குத் தொடங்குகிறது.

கடவுச்சொல் உள்ளவர் யார்? அந்தக் கல்லூரியின் மாணவர், ஆசிரியர். படிப்பு முடிந்து பட்டம் வாங்கிய பின், கடவுச்சொல் பொதுவாகச் செத்துவிடுகிறது. மூன்றாண்டு அறிவுலகின் குடிமகன். நான்காம் ஆண்டு அயலான்! அச்சு நூலாக இருந்தால், வாங்கிய கல்லூரிக்கு அது சொந்தம்; நூறாண்டு வைத்திருக்கலாம், அடுத்தவருக்குக் காட்டலாம். மின்னிதழுக்குக் கட்டுவது பெரும்பாலும் ஆண்டு வாடகை. சந்தா நின்றால் கதவும் மூடும். அதிலே எழுதுகிற அறிஞர்க்கு ஊதியம் தருவது பெரும்பாலும் மக்கள் வரிப்பணம்; கட்டுரையைச் சரிபார்க்கும் அறிஞர் பெரும்பாலும் கூலி வாங்காமலே பார்க்கிறார். அச்சேறியதும் பதிப்பகம் அதை அதே கல்விக்கூடங்களுக்குப் பெரும் விலைக்கு விற்கிறது. நெய்தவனுக்கே துணியை வாடகைக்கு விடும் வாணிபம் இது!

ஒன்றிய அரசு இதற்கு ஒரு வழி செய்தது. 2024 நவம்பர் 25-ல், "ஒரே நாடு ஒரே சந்தா" என்ற திட்டத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட நிறுவனங்கள். பேரம் பேசி மொத்தமாக வாங்குவதிலே நன்மை உண்டு, மறுக்கவில்லை. எனினும் ஒப்புதல் தரப்பட்டபோது, அரசே நடத்தும் நிறுவனங்களுக்குத்தான் அது என்று வகுத்தனர். பெயரிலே நாடு முழுவதும் இருக்கிறது. கதவிலே நாட்டு மக்கள் எல்லாரும் இல்லை. 6,000 கோடியும் யார் பணம்? தீப்பெட்டிக்கும் சோப்புக்கும் வரி கட்டுகிறவரின் பணமும் அதிலே அடக்கமல்லவா?

எண்ணிப் பாருங்கள். சானடோரியம் நிலையத்தை ஒட்டி 1984-ல் ஏற்றுமதி மண்டலம் தொடங்கிற்று. காலையிலே மின்சார வண்டி வந்து நின்றால், கையிலே சோற்றுப் பாத்திரத்தோடு பெண்கள் கூட்டங்கூட்டமாக இறங்குகின்றனர். அவர்களிலே, பட்டம் பெற்றவர் உண்டு. தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்பவர் உண்டு. படிப்பை நடுவிலே விட்டு, மீண்டும் தொடர ஏங்குபவர் உண்டு. பம்மலிலும் அனகாபுத்தூரிலும், பெருங்களத்தூரிலும் சேலையூரிலும், ஒரே அறை வீட்டிலே ஐந்து பேர் உறங்கும் குடும்பத்திலே, விளக்கை எரியவிட்டுப் படிக்க வழியில்லாத பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குத் தேவை ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, சில நூல்கள். சுற்றிலும் எத்தனை கல்லூரி! ஞாயிறன்று அவற்றின் நூலகங்களிலே எத்தனை நாற்காலி ஆளின்றி இருக்கும்! இந்தப் பிள்ளைகள் கோட்டூர்புரம் போகலாமே என்பீர்கள். போகிறார்கள், வண்டி மாறி, பேருந்து ஏறி, பொழுதில் பாதியைப் பயணத்திலே தொலைத்துவிட்டுப் போகிறார்கள். வாசகரின் பொழுதை வீணாக்காதே என்றாரே, அது இவர்களுக்குப் பொருந்தாதா?

"வெளியாரை உள்ளே விட்டால் நூல் காணாமற் போகும், கூட்டம் பெருகும், பார்த்துக்கொள்ள ஆள் இல்லை" என்று கல்லூரித் தரப்பிலே கூறுவர். அது வெறும் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கிற கல்லூரிகள் உள்ளன. ஒருவரே மூவர் வேலை பார்க்கும் நூலகங்கள் உள்ளன. தேர்வுக் காலத்திலே சொந்த மாணவருக்கே இடம் போதாது என்பதும் மெய். ஆகவே எல்லாக் கதவையும் ஒரே நாளில் திறந்துவிடு என்று முழங்குவது எளிது. முழங்கிவிட்டு வீட்டுக்குப் போவதும் எளிது. நடக்கக்கூடியதைக் கேட்போம்.

முதற்கண், பொதுப்பணத்திலே உதவி பெறும் கல்லூரி நூலகங்கள், ஞாயிறுகளிலும் கோடை விடுமுறையிலும், குறிப்பிட்ட எண்ணிக்கை நாற்காலிகளை வட்டார மக்களுக்கு ஒதுக்கட்டும். இரவல் வேண்டாம், அங்கேயே இருந்து படிக்கட்டும், அடையாளச் சீட்டும் சிறு முன்பணமும் வாங்கட்டும். இதற்கு வேண்டிய கூடுதல் ஊதியத்தை அரசு கொடுக்கட்டும், காலியிடங்களை நிரப்பட்டும். நூலகரின் தோளிலே புதுச் சுமையை ஏற்றிவிட்டு, நாம் புகழைச் சுமப்பது நியாயமாகாது. அடுத்து, சந்தா உடன்படிக்கை எழுதும்போதே, நூலகத்துக்குள் நேரில் வந்தமர்ந்து படிக்கும் எவருக்கும் திரையிலே இதழ் திறக்கவேண்டும் என்ற விதியைச் சேர்க்கட்டும். பணம் கொடுப்பவன் விதி சொல்லாமல், பணம் வாங்குபவனா சொல்வது?

இனி, நமக்கு நேரே தொடர்புள்ளது. 1948-ல், கல்வி அமைச்சர் அவினாசிலிங்கம் செட்டியார் காலத்திலே, சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. விடுதலை பெற்ற இந்தியாவிலே அத்தகைய முதற் சட்டம். அதன் பின்னே இரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு இருந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கும் முறை அதனால் வந்ததே. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. வாங்குவது உள்ளாட்சி மன்றம். அதை மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் சேர்ப்பிக்கவேண்டியதும் அதுவே. உள்ளாட்சி மன்றங்கள் பலவற்றில் நூலக வரி நிலுவையாய்த் தங்கிவிடுகிறது என்ற முறையீடு நெடுநாளாக உண்டு. 2021 நவம்பரிலே தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று, வட்டங்கள் எழுபது. வீடுகள் அடுக்கடுக்காக எழும்புகின்றன; வரி வளர்கிறது. அதற்கேற்ப நூலகம் வளர்ந்ததா? ஐந்தாம் விதியை வைத்து அளந்து பாருங்கள். வட்டத்துக்கு வட்டம் கேளுங்கள்: நூலக வரி எவ்வளவு வாங்கினீர்? எவ்வளவு செலுத்தினீர்? நம் வட்டத்து நூலகம் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது? மன்றத்திலே நம்மவர் அமர்ந்திருந்தாலும் கேளுங்கள். அமர்ந்திருந்தால் இன்னும் உரக்கக் கேளுங்கள்!

கடைசியாக ஒன்று, இது கசக்கும். கல்லூரியை நோக்கி விரல் நீட்டும் நாம், நம் படிப்பகத்தைத் திரும்பிப் பார்த்தோமா? ஒரு காலத்திலே தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் நிலையத்திலும், கீற்றுக் கொட்டகையிலும், ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, எழுதப் படிக்கத் தெரியாதவர் சுற்றியமர்ந்து கேட்டனர். இயக்கம் வளர்ந்தது அந்தக் கொட்டகையிலே. அன்று நமக்குக் கட்டடம் இல்லை, வாசகர் இருந்தனர். இன்று கொடிக்கம்பம் இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது, கதவிலே பூட்டும் இருக்கிறது! பூட்டிய படிப்பகத்தின் வாசலிலே நின்று, "கல்லூரியே, கதவைத் திற" என்று முழங்கினால், கேட்பவர் நகைக்கமாட்டாரா?

ஆகவே, இந்த வாரத்து வேலை இது. கிளைக்கு ஒரு தோழர், மாலை இரண்டு மணி நேரம் படிப்பகத்தைத் திறந்துவைக்கப் பொறுப்பேற்கட்டும். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு மேசையும் விளக்கும் கொடுங்கள். அவர் நம் கட்சியா, மாற்றுக் கட்சியா என்று வாசலில் கேட்காதீர்கள். வீட்டில் தூசு படியும் நூல்களைக் கொண்டுவந்து சேருங்கள். பல்லாவரத்து முதியவர் தம் நூல்களை ஊருக்கு விட்டதை எண்ணிக்கொள்ளுங்கள். இதைச் செய்துவிட்டு, வட்டாரக் கல்லூரி முதல்வரையும் நூலகரையும் மரியாதையோடு சென்று காணுங்கள். "எங்கள் கதவைத் திறந்துவிட்டோம் ஐயா; உங்கள் கதவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள்.

அப்போது அந்தப் பேச்சுக்கு ஒரு வலிமை இருக்கும்.